‘உன் ஹைட்டுக்கு புல்லட்டா?’ - உயரம் குறைந்தவர்களின் முதல் பைக் 350 சிசியாக இருக்கலாமா?

ஷோரூமில் நிற்கும் 350 சிசி பைக்கில் ஆசையாக ஏறி உட்காருகிறீர்கள். சைடு ஸ்டாண்டை எடுப்பதற்குள் கூட வந்தவர் குனிந்து உங்கள் காலைப் பார்க்கிறார். குதிகால் தரையில் படவில்லை. “உன் ஹைட்டுக்கு இது செட் ஆகாதுப்பா” என்கிறார். பக்கத்தில் நிற்கும் நண்பர், “அதெல்லாம் ஓட்ட ஓட்டப் பழகிடும்” என்கிறார். உட்கார்ந்திருப்பவர் பெண் என்றால் விற்பனையாளரிடம் இருந்து இன்னொரு கேள்வியும் வரும். “ஸ்கூட்டி பாக்கறீங்களா மேடம்?”

மூன்று பேருமே உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். பைக்கில் உட்கார்ந்திருப்பவர் இதற்கு முன் என்ன வண்டி, எவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால், பெரிய பைக் ஒருவருக்குப் பொருந்துமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தக் கேள்விக்கான பதில்தான். ஏன் என்று பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

காரணம் விலை. 2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய 56ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் இருசக்கர வாகனங்களுக்கான வரி மாற்றப்பட்டது. 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதமாகக் குறைந்தது. 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு, செஸ் உட்பட 31 சதவீதமாக இருந்தது 40 சதவீதமாக உயர்ந்தது. செப்டம்பர் 22 முதல் இது அமலுக்கு வந்தது.

வரியோடு சேர்த்து 2 லட்சம் ரூபாய்க்கு விற்ற 350 சிசி பைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 28 சதவீத வரியைக் கழித்தால் அடிப்படை விலை 1,56,250 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 1,84,375 ரூபாய். அதாவது 15,600 ரூபாய்க்கு மேல் மிச்சம். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் தனது 350 சிசி வரிசையில் 22,000 ரூபாய் வரை விலை குறையும் என்று அறிவித்தது. இந்த நிறுவனத்தின் பைக்குகள் தயாராவது சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில்தான். புல்லட் ஆசை நம்மூரில் எவ்வளவு பழையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாதத் தவணை கொஞ்சம் குறைந்ததும், “முதல்ல சின்ன வண்டி, அப்புறம் புல்லட்” என்று யோசித்தவர்கள்கூட “நேரா புல்லட்டே எடுத்துடலாமே” என்று யோசிக்கத் தொடங்குவது இயல்பு. விலை இறங்கியிருக்கிறது. எடை இறங்கவில்லை.

சிசி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

வரி, இன்சூரன்ஸ், விளம்பரம் என எல்லா இடத்திலும் பைக்கின் அளவு என்றால் சிசிதான். சிசி என்பது இன்ஜின் சிலிண்டரின் கொள்ளளவு. சீட் எவ்வளவு உயரம், வண்டி எவ்வளவு எடை என்பதை அது சொல்லாது.

யமஹா ஆர்15 பைக்கின் இன்ஜின் 155 சிசி. அதன் சீட் உயரம் 815 மி.மீ. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியாரின் இன்ஜின் 648 சிசி. அதன் சீட் உயரம் 740 மி.மீ. இன்ஜின் அளவில் நான்கு மடங்கு பெரிய பைக்கின் சீட், ஏழரை சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கிறது. உயரம் குறைந்தவர் இரண்டு காலையும் ஊன்றி உட்கார வேண்டும் என்றால் அவருக்கு ‘பெரிய’ பைக்தான் வசதி. ஆனால் அந்த சூப்பர் மீட்டியாரின் எடை 241 கிலோ. ஆர்15-இன் எடை சுமார் 141 கிலோ. கால் எட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை முதல் பைக்காக வாங்கினால், 100 கிலோ கூடுதல் எடையும் சேர்ந்து வீட்டுக்கு வரும்.

இன்ஜினின் குணமும் சிசியை வைத்துத் தெரியாது. கிளாசிக் 350 தருவது சுமார் 20 குதிரைத் திறன். கேடிஎம் 390 டியூக் தருவது சுமார் 46. இரண்டுக்கும் சிசி வித்தியாசம் வெறும் 50தான். ஆனால் டியூக் 27 கிலோ எடை குறைவு. த்ராட்டிலைத் தெரியாமல் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டால் கிளாசிக் நகரும், டியூக் பாயும். கை பழகாத ஒருவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

ஸ்ப்ளெண்டருக்கும் புல்லட்டுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடிய பைக் ஸ்ப்ளெண்டர் பிளஸ். அதன் சீட் உயரம் 785 மி.மீ. புல்லட் 350, கிளாசிக் 350 இரண்டின் சீட் உயரமும் 805 மி.மீ. வித்தியாசம் 2 சென்டிமீட்டர். ஹன்டர் 350-இன் சீட் உயரம் சுமார் 790 மி.மீ. ஸ்ப்ளெண்டரைவிட அரை சென்டிமீட்டர்தான் அதிகம்.

ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் எத்தனையோ பேர் பால் கேனும் காய்கறி மூட்டையும் கட்டிக்கொண்டு தினமும் ஸ்ப்ளெண்டர் ஓட்டுகிறார்கள். “உன் ஹைட்டுக்கு ஸ்ப்ளெண்டரா?” என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் உண்மையான வித்தியாசம் எங்கே? எடையில். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. புல்லட்டும் கிளாசிக்கும் 195 கிலோ. கூடுதலாக 83 கிலோ. நன்றாக வளர்ந்த ஒரு ஆளின் எடை அது. சீட்டின் அகலமும் கணக்கில் வரும். அகலமான சீட்டில் தொடை விரிவதால், அதே உயரத்திலும் கால் தரைக்கு எட்டுவது குறையும். ஷோரூமில் ‘ஹைட் பத்தலை’ என்று தோன்றுவதில் ஒரு பங்கு உண்மையில் சீட்டின் அகலம், இன்னொரு பங்கு எடையைப் பார்த்து வரும் பயம்.

இரண்டு காலும் முழுசாக ஊன்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்தியாவின் சராசரி உயரத்தை வைத்துப் பார்த்தாலே இது புரிந்துவிடும். 2016-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வின்படி, 1996-இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ., பெண்களின் சராசரி உயரம் சுமார் 153 செ.மீ.

உட்கால் அளவு, அதாவது கவட்டையில் இருந்து குதிகால் வரையிலான நீளம், தோராயமாக உயரத்தில் 45 முதல் 47 சதவீதம் வரை இருக்கும். 165 செ.மீ. உயரம் உள்ளவருக்கு அது 74 முதல் 78 செ.மீ. வரை. கிளாசிக்கின் சீட் உயரமோ 80.5 செ.மீ. ஷூவின் அடிப்பாகம் இரண்டு, மூன்று செ.மீ. கொடுக்கும். நாம் உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் அமுங்கி இன்னும் கொஞ்சம் இறங்கும். அப்போதும் சராசரி உயரமுள்ள ஆணுக்கே இரண்டு குதிகாலும் பெரும்பாலும் முழுசாகப் பதியாது. முன்பாதம்தான் ஊன்றும். அப்படித்தான் பலரும் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

153 செ.மீ. உயரமுள்ளவருக்கு உட்கால் அளவு 69 முதல் 72 செ.மீ. வரை. இவருக்கு நுனிக்கால்தான் எட்டும், அல்லது ஒருபுறம் நகர்ந்து உட்கார்ந்து ஒரு காலை மட்டும் ஊன்ற வேண்டியிருக்கும். இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு சிக்கல், உயரம் குறைந்தவர் பெரும்பாலும் எடையும் குறைந்தவராக இருப்பார். 50 கிலோ எடை உள்ளவர் உட்காரும்போது ஷாக் அப்சார்பர் குறைவாகவே அமுங்கும். சீட் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது. பின்பக்க ஸ்பிரிங் இறுக்கத்தை மிகத் தளர்வான நிலையில் வைக்கச் சொன்னால் கொஞ்சம் உதவும். பல பைக்குகளில் சர்வீஸ் சென்டரில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை.

எடை எப்போது கனக்கிறது?

பைக் நேராக நிற்கும்போது 195 கிலோவையும் தாங்குவது இரண்டு டயர்கள்தான். உங்கள் கைக்கும் காலுக்கும் ஒரு சுமையும் இல்லை. ஓடும்போதும் அப்படித்தான். அதனால்தான் “ஓட ஆரம்பிச்சிட்டா வெயிட்டே தெரியாது” என்று புல்லட் ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள். அது பொய் இல்லை. பிரச்சினை, பைக் நின்றபடி சாயும்போது.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பைக்கின் எடை மையம் தரையில் இருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 195 கிலோ பைக் 5 டிகிரி சாய்ந்தால் ஹேண்டில்பாரில் நீங்கள் தாங்க வேண்டியது சுமார் 8 கிலோ. 10 டிகிரியில் 17 கிலோ. 20 டிகிரியில் 33 கிலோ. 30 டிகிரியில் கிட்டத்தட்ட 50 கிலோ. 112 கிலோ பைக்குக்கு இதே கணக்கு முறையே 5, 10, 19, 28 கிலோ. நீங்கள் மேலே உட்கார்ந்திருந்தால் உங்கள் எடையும் சேர்ந்துகொள்ளும்.

இந்த எண்களில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, சாய்வு சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் 195 கிலோ பைக்கையும் 50 கிலோ எடை உள்ளவர் சமாளிக்கலாம். இரண்டு, ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் ஆறடி ஆளாலும் பிடிக்க முடியாது. மூன்று, கால் நீளமானவருக்கு அந்த முதல் சில டிகிரியிலேயே பாதம் ஊன்றிவிடுகிறது. கால் குட்டையானவருக்குப் பைக் இன்னும் கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் பாதம் தரையைத் தொடுகிறது. அதுவும் நுனிக்கால். நுனிக்காலில் தொட முடியும், தள்ள முடியாது.

ஆக, உயரம் குறைந்தவருக்குத் தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் இடைவெளி சின்னது. அனுபவம் உள்ளவர் அந்தச் சாய்வை வரவே விடமாட்டார். எங்கே நிறுத்துவது, எந்தக் காலை ஊன்றுவது என்று பத்தடி முன்னாடியே முடிவு செய்துவிடுவார். புதியவருக்கு அந்த நேரத்தில் கிளட்ச், கியர், பிரேக், பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ் என நான்கு விஷயங்களில் கவனம் சிதறிக் கிடக்கும். குட்டையாக இருப்பது மட்டும் என்றால் சமாளிக்கலாம். புதியவராக இருப்பது மட்டும் என்றாலும் சமாளிக்கலாம். இரண்டும் சேர்ந்து, கீழே 195 கிலோவும் இருப்பதுதான் சிக்கல்.

நின்ற இடத்தில் விழுந்தால் என்ன ஆகும்?

“ஸ்பீடா போனாத்தானே ஆபத்து?” என்று தோன்றலாம். நின்ற இடத்தில் விழும் பைக்கால் பெரும்பாலும் லீவர் வளையும், கண்ணாடி உடையும், மானம் போகும். அதோடு முடிந்தால் அதிர்ஷ்டம். கால் அடியில் மாட்டினால் கணுக்கால் எலும்பு முறியலாம். சிக்னலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே விழுந்தால் அது வேறு கதை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அந்த ஆண்டு நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டில் மாநிலங்களில் அதிக எண்ணிக்கையில் விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில், 64,105. இவை பெரிய பைக்கால் நடந்தவை என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட சாலைகளில்தான் ஒருவர் பைக் ஓட்டக் கற்றுக்கொள்கிறார் என்பதற்காகச் சொல்கிறோம். இங்கே தடுமாறினால் மற்ற வண்டிகள் காத்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் பதில். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி 50 சிசி வரையிலான வண்டியை 16 வயதில் ஓட்டலாம். அதற்கு மேல் 18 வயது. கியர் உள்ள பைக், கியர் இல்லாத வண்டி என லைசென்ஸில் இரண்டு பிரிவுகள்தான். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து, 100 சிசி பைக்கில் ‘எட்டு’ போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிய ஒருவர், மறுநாளே 650 சிசி பைக்கையும் ஓட்டலாம். 1,000 சிசி பைக்கையும் ஓட்டலாம். ஆர்.டி.ஓ. மைதானத்தில் அவர் ஓட்டிக் காட்டிய வண்டிக்கும் அவர் வாங்கப்போகும் வண்டிக்கும் ஒரு தொடர்பும் தேவையில்லை.

சிங்கப்பூரில் அப்படி இல்லை. அங்கே முதலில் 2பி லைசென்ஸ், அதில் 200 சிசி வரைதான் ஓட்டலாம். குறைந்தது ஓராண்டு ஓட்டிய பிறகு 2ஏ, அதில் 400 சிசி வரை. இன்னும் ஓராண்டு கழித்துத்தான் அதற்கு மேல். ஒவ்வொரு படிக்கும் தனித் தேர்வு உண்டு. பிரிட்டனில் 17 வயதில் 125 சிசி, 19 வயதில் 35 கிலோவாட் திறன் வரையிலான பைக், அதை இரண்டு ஆண்டுகள் ஓட்டியிருந்தால் 21 வயதில் எந்த பைக்கும் எனப் படிகள் இருக்கின்றன. நேராகப் பெரிய பைக் லைசென்ஸ் வேண்டும் என்றால் 24 வயதாக வேண்டும். இந்த விதிகள் உயரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. அனுபவத்தை மட்டும் பார்க்கின்றன.

பைக் பந்தயத்திலும் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மோட்டோஜிபி வீரர் டானி பெட்ரோசா ஏறக்குறைய 160 செ.மீ. உயரம்தான். மோட்டோஜிபி பிரிவில் மட்டும் 31 பந்தயங்களில் வென்றார். ஆனால் அவர் நேராக அங்கே போகவில்லை. 2003-இல் 125 சிசி உலக சாம்பியன். 2004, 2005 ஆண்டுகளில் 250 சிசி உலக சாம்பியன். அதன் பிறகுதான் 2006-இல் 990 சிசி பைக். அவருக்கு இருந்த இன்னொரு வசதியையும் சொல்லிவிட வேண்டும். பந்தயப் பாதையில் சிக்னல் கிடையாது. நிறுத்தும்போது பைக்கைப் பிடிக்க மெக்கானிக்குகள் இருப்பார்கள்.

பெரிய பைக்கில் நல்லதே இல்லையா?

இருக்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதனால் 350 சிசி பைக்கில் திடீர் பிரேக் அடித்தாலும் சக்கரம் சிக்கிக்கொண்டு வழுக்கும் வாய்ப்பு குறைவு. 100 சிசி பைக்குகளில் பொதுவாக இருப்பது, ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிடிக்கும் கூட்டு பிரேக் முறை. அது ஏபிஎஸ்ஸுக்கு இணை ஆகாது.

ஹைவேயில் லாரி கடக்கும்போது அடிக்கும் காற்றில் கனமான பைக் அதிகம் ஆடாது. 350 சிசி ராயல் என்ஃபீல்டு இன்ஜின்கள் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை தருபவை. கிளட்ச்சை மெதுவாக விட்டாலே வண்டி நகரும். புதியவருக்கு இது உண்மையிலேயே உதவி. ‘புதியவருக்கு 350 கூடவே கூடாது’ என்று ஒரே போடாகச் சொல்ல முடியாததற்கு இவை காரணம்.

ஐந்து வருஷம் ஸ்கூட்டி ஓட்டியவர் புதியவரா?

பாதி. டிராஃபிக்கைக் கணிப்பது, பள்ளத்தைத் தூரத்திலேயே பார்ப்பது, கண்ணாடியில் பின்னால் வருவதைக் கவனிப்பது எல்லாம் அவருக்கு ஏற்கெனவே கைவந்திருக்கும். கற்றுக்கொள்ள மிக அதிகக் காலம் பிடிக்கும் பாடம் அதுதான். ஆனால் கிளட்ச்சும் கியரும் புதுசு. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். பைக்கில் பின் பிரேக் வலது காலில். எடையும் ஆக்டிவாவின் சுமார் 106 கிலோவில் இருந்து 195 கிலோவுக்குத் தாவும். இப்படிப்பட்டவர் இரண்டு, மூன்று மாதம் ஒரு 100 அல்லது 125 சிசி கியர் பைக்கில் பழகிவிட்டு 350-க்கு மாறினால் போதும். இதுவரை எந்த வண்டியும் ஓட்டாதவருக்கு அதைவிடக் கூடுதல் காலம் தேவை.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் உட்கால் அளவு. ஷூ போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு இடையே ஒரு தடிமனான புத்தகத்தைக் கவட்டை வரை உயர்த்திப் பிடித்து, அதன் மேல் விளிம்புக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். சீட் உயரம் இதைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் வரை அதிகம் என்றால், பழகியவருக்குச் சரி. புதியவருக்குச் சீட் உயரம் இந்த அளவை ஒட்டியே இருப்பது நல்லது. இது கறாரான விதி இல்லை. சீட் அகலத்தைப் பொறுத்து மாறும்.

ஷோரூமில் சைடு ஸ்டாண்டில் நிற்கும் பைக்கில் உட்கார்ந்து போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஸ்டாண்டை எடுத்து நேராக நிறுத்துங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இறங்கி நின்று, பைக்கைப் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். தினமும் வீட்டு வாசல் சாய்தளத்திலும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலும் நீங்கள் செய்யப்போவது இதைத்தான். ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுசாகத் திருப்புங்கள். யு-டர்ன் போடும்போது தூரத்துக் கை எட்டவில்லை என்றால், கால் எட்டியும் பயன் இல்லை. கிளட்ச் லீவரை விரல்கள் வசதியாகப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

350 சிசியில்தான் வேண்டும் என்றால், சீட் தாழ்ந்த மாடல்களைப் பாருங்கள். மீட்டியார் 350-இன் சீட் உயரம் 765 மி.மீ., எடை 191 கிலோ. ஹன்டர் 350-இன் எடை 181 கிலோ. எடையும் குறைவாக வேண்டும் என்றால் பஜாஜ் அவெஞ்சர் 160-க்கு சீட் உயரம் 737 மி.மீ., எடை சுமார் 156 கிலோ. ஹிமாலயன் 450 போன்ற உயரமான பைக்குகளுக்கு நிறுவனமே தாழ்வான சீட்டைத் தனியாக விற்கிறது.

சென்னை ஜி.பி. ரோடு போன்ற இடங்களில் சீட் ஃபோமைச் சீவிக் கொடுப்பார்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இறங்கும். நீண்ட தூரம் போகும்போது இடுப்பு வலிக்கும். ஷாக் அப்சார்பரையே மாற்றி பைக்கைத் தாழ்த்துவது வேறு விஷயம். ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும். பைக்கின் பதிவு விவரங்களோடு பொருந்தாத மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவதிலும் தகராறு வரலாம்.

ஏற்கெனவே வாங்கியாச்சு, என்ன செய்வது?

விற்க வேண்டியதில்லை. ஞாயிறு அதிகாலையில் ஒரு காலி மைதானத்துக்குப் போங்கள். நூறு தடவை நிறுத்தி நூறு தடவை கிளப்புங்கள். ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் இங்கே பாடம்.

நிற்கும்போது இடுப்பைச் சற்று இடதுபுறம் நகர்த்தி, இடது காலை முழுசாக ஊன்றுங்கள். வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். இரண்டு நுனிக்காலைவிட ஒரு முழுப் பாதம் பலமானது. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். மெதுவான வேகத்தில் புதியவர்கள் விழுவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

நம்மூர்ச் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். இடது ஓரமாக ஒதுங்கி நிறுத்தினால் இடது கால் ஊன்ற வேண்டிய இடம் இன்னும் கீழே போய்விடும். அங்கே மணலும் கிடக்கும். உயரம் குறைந்தவர் சிக்னலில் ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே நிற்பது நல்லது.

பின்னால் உட்காருபவர், நீங்கள் “ஏறு” என்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும், “இறங்கு” என்று சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். 75 கிலோ ஆள் திடீரென்று ஒருபக்கமாகக் காலைத் தூக்கிப் போட்டால், மேலே பார்த்த கணக்கு எல்லாம் ஒரே நொடியில் மாறிவிடும். முதல் ஓரிரு மாதங்கள் பின்னால் யாரையும் ஏற்றாமல் இருப்பதே சரி.

ஒரு கட்டத்தைத் தாண்டிப் பைக் சாய்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். காலை விலக்கிக்கொள்ளுங்கள். வளைந்த லீவரை மாற்றிவிடலாம், முறிந்த கணுக்கால் மாதக்கணக்கில் படுக்க வைக்கும். விழுந்த பைக்கைத் தூக்கவும் வழி இருக்கிறது. இன்ஜினை அணையுங்கள். வலதுபக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள். முதுகைப் பைக்கின் பக்கம் திருப்பிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, காலால் உந்திப் பின்னோக்கி அடியடியாக நடங்கள். இடுப்பு வளையக் கூடாது. இதில் வேலை செய்வது தொடைத் தசை. உதவிக்கு ஆள் இருந்தால் கூப்பிடத் தயங்காதீர்கள்.

ஐஎஸ்ஐ ஹெல்மெட், கணுக்காலை மூடும் ஷூ இரண்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். தடிமனான அடிப்பாகம் உள்ள ஷூ பாதுகாப்போடு இரண்டு சென்டிமீட்டர் உயரத்தையும் சேர்த்துத் தரும். சின்ன ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மாதிரிதான்.

சரி, முடிவு என்ன?

உயரம் குறைந்தவர் பெரிய பைக் ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். ஸ்ப்ளெண்டருக்கும் கிளாசிக்குக்கும் இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். “ஸ்கூட்டி பாருங்க மேடம்” என்று சொல்லித் திருப்பி அனுப்ப அந்த இரண்டு சென்டிமீட்டர் காரணம் ஆகாது.

உயரம் குறைந்த ஒருவர் வாழ்க்கையில் முதன்முதலாக ஓட்டும் பைக்கே 195 கிலோவாக இருக்கலாமா என்றால், வேண்டாம் என்பதே நம் பதில். காத்திருக்க வேண்டியது வருஷக்கணக்கில் இல்லை. வீட்டில் இருக்கும் அப்பாவின் பழைய 100 சிசி பைக்கிலோ, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு 125-இலோ சில மாதங்கள் போதும். கை கிளட்ச்சைத் தேடாமல், கண் காலைப் பார்க்காமல், சிக்னலில் நிதானமாக நிறுத்த வந்துவிட்டால் புல்லட்டுக்குப் போகலாம்.

வேறு நாடுகளில் இந்தக் காத்திருப்பை லைசென்ஸ் விதியே கட்டாயமாக்குகிறது. இங்கே விதியும் கேட்காது, வரிக்கும் இன்ஜின் கொள்ளளவு மட்டும்தான் கணக்கு, ஷோரூமுக்கோ பைக் விற்க வேண்டும். அதனால் அந்தப் படியை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை யாராவது “உன் ஹைட்டுக்கு இது செட் ஆகுமா?” என்று கேட்டால், “இதுவரைக்கும் என்ன வண்டி ஓட்டியிருக்கேன்னு கேளுங்க” என்று சொல்லுங்கள்.